இல்லமே முதற் பள்ளிக்கூடம்

மக்கட்செல்வம் வல்ல இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை நாம் அறிவோம். அமானிதப் பொருளைப் பழுதின்றிப் பேணிக் காக்க வேண்டும் என்பதையும் அறிவோம். ஆனால், மூன்று வயதும் நான்கு வயதும் நிரம்பிய மழலைக்கு எதனை, எப்போது, எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா எழும்போதுதான் நம்மில் பலர் கலங்கிவிடுகிறோம். அண்டை வீட்டுப் பிள்ளை ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கிறது. நம் பிள்ளையோ இன்னும் மண்ணை அளைந்துகொண்டிருக்கிறது. உடனே நெஞ்சில் ஓர் அச்சம் புகுந்துவிடுகிறது. அந்த அச்சம் முதலில் தாயின் உறக்கத்தைக் கெடுக்கிறது. பிறகு பிள்ளையின் சிரிப்பைப் பறிக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளை நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் வகுப்பறைக் கதவுகள் மீண்டும் திறந்தன. அந்நாள்களில் என் உறவினரான ஒரு தாய், நான்கரை வயது மகனுக்கு வீட்டிலேயே பள்ளி நடத்த முற்பட்டார். சுவரில் கால அட்டவணை ஒன்றை ஒட்டினார். ஒன்பது மணிக்கு எழுத்து, பத்து மணிக்கு எண், பதினொரு மணிக்குப் பாட்டு என்று வகுத்தார். முதல் வாரம் பிள்ளை உட்கார்ந்தான். இரண்டாம் வாரம் அழுதான். மூன்றாம் வாரம் பென்சிலைக் காணவில்லை. வேறொன்று வாங்கிக் கொடுத்தார், அதுவும் மறைந்தது. எவ்வளவு கேட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை. தாயின் கை ஓங்கியது, அடியும் விழுந்தது.

ஒரு நாள் உலைக்கு அரிசி எடுக்கப் பானைக்குள் கையை விட்டபோது, ஆழாக்குடன் மூன்று பென்சில்களும் சேர்ந்து வந்தன. பாட்டியார் பேரனை மடியில் அமர்த்தி, ஏன் கண்ணே ஒளித்து வைத்தாய் என்று கேட்டார். "பென்சில் இருந்தா உம்மா கத்துறாங்க" என்றான் பிள்ளை.

அந்த ஒரு சொல் அந்தத் தாயை உலுக்கிவிட்டது. அன்று மாலையே அட்டவணை சுவரைவிட்டு இறங்கியது. மறுநாள் காலை பிள்ளையின் கையில் பென்சிலுக்குப் பதிலாக அந்த ஆழாக்கையே கொடுத்தார். அன்பார்ந்த பெற்றோர்களே, அதன் பின்னர் அவ்வீட்டில் நிகழ்ந்ததையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வீடு பள்ளிக்கூடமாக மாற வேண்டியதில்லை. வீடு வீடாகவே இருந்து, தன் அன்றாட வேலைகளில் பிள்ளைக்கும் ஒரு பங்கைக் கொடுத்தாலே போதும்.

உணவுத் தட்டில் ஒரு பாடம்

இது புதுமையான கருத்தன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் உமர் பின் அபீ ஸலமா (ரலி) என்னும் சிறுவர் இருந்தார். உண்ணும்போது அவருடைய கை தட்டின் நாற்புறமும் அலைந்தது. பெருமானார் அவரைத் தட்டிலிருந்து எழுப்பித் தனியே நிறுத்திப் பாடம் நடத்தவில்லை. இறைவன் திருப்பெயர் கூறித் தொடங்கவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலுள்ளதை எடுத்து உண்ணவும் அந்த இடத்திலேயே இன்மொழியால் கற்றுக் கொடுத்தார்கள். அதன் பிறகு தம் உணவுப் பழக்கம் அவ்வாறே அமைந்துவிட்டதாக அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். பாடம் நடந்த இடம் உணவுத் தட்டு. பாடத்தின் நீளம் மூன்று சொற்றொடர். பயனோ வாழ்நாள் முழுவதும்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். பறவை இறந்து சிறுவர் வாடியிருந்தபோது, அந்தப் பறவைக்கு என்ன நேர்ந்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பரிவோடு விசாரித்தார்கள். பெரியவர்களை விளிப்பதுபோல் மதிப்போடு பெயர் சொல்லி விசாரித்தார்கள். பேரப் பிள்ளை முதுகில் ஏறியமர்ந்தபோது, அவன் தன் விளையாட்டை முடிக்கட்டும் என்று ஸுஜூதையே நீட்டித்தார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளைத் தொழச் சொல்லுமாறு பெற்றோருக்குக் கட்டளையிட்ட ஹதீஸில் ஏழு வயதே குறிக்கப்பட்டுள்ளது. மார்க்கத்தின் தூணாகிய தொழுகைக்கே ஏழு வயது வரை பொறுத்திருக்கும்போது, மூன்று வயதில் எழுத்துக்காகப் பிள்ளையை அடிக்க நமக்கு ஏது உரிமை?

பொழுது புலரும் நேரம்

ஒரு நாளைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். பிள்ளை விழித்ததும் தன் சிறு பாயைத் தானே சுருட்டட்டும். கோணலாகச் சுருட்டினால் அப்படியே இருக்கட்டும். அவன் கண் முன்னே பிரித்து மீண்டும் சுருட்டாதீர்கள். நீங்கள் உளூச் செய்யும்போது அவனும் அருகே நிற்பான். முகத்தை மும்முறை, கையை மும்முறை, முதலில் வலம், பிறகு இடம் என்று நீங்கள் செய்வதைப் பார்த்தே வரிசை, எண்ணிக்கை, வலம் இடம் ஆகிய மூன்றையும் அவன் அறிந்துகொள்கிறான். தண்ணீரை வீணாக்காத சிக்கனமும் கூடவே வருகிறது. நீங்கள் தொழும்போது அவன் குனிந்து நிமிர்ந்தால் நிமிரட்டும்; ஓடிப்போனால் போகட்டும்.

வீடு பெருக்கும்போது அவன் கைக்கேற்ற ஒரு சிறு துடைப்பத்தைக் கொடுங்கள். துணி மடிக்கும்போது கைக்குட்டைகளை அவனிடம் விடுங்கள். கைக்குட்டையை ஒரு முறை மடித்தால் அரை, மறுமுறை மடித்தால் கால். பின்னக் கணக்கின் முதற் படியை அவன் விரல்கள் இவ்வாறு அறிந்துகொள்கின்றன.

இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் பெருக்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், பொத்தான் போட்டார்கள், மேசையைத் துடைத்தார்கள். வீட்டு வேலையையே அவர் பாடமாக்கினார். அந்த அம்மையார் நம் தமிழகத்தோடும் தொடர்புடையவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் நாடு திரும்ப இயலாமல் கொடைக்கானலிலும் தங்கினார். ரோமில் அவர் கண்டதை நம் அடுக்களையில் நாமும் காணலாம்.

அடுக்களைக் கணக்கு

உலைக்கு அரிசி அளக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டு ஆழாக்கை எண்ணிக் கொட்டிப் படி நிறைவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, பிற்காலத்தில் இரட்டித்தல் என்பது அச்சமூட்டும் பாடமாக இராது. பழைய அளவைகள் வீட்டில் இல்லையென்றால் குவளையும் குண்டானும் போதும். சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பயிற்சியே.

இந்தப் பொறுக்குதலில் ஒரு நுட்பம் உண்டு. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புகளாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவை எலும்பாக மாறி, கடைசி எலும்பும் உறுதிப்பட ஏறத்தாழப் பத்து வயதாகிறது. நான்கு வயதுப் பிள்ளை பென்சிலைப் பிடித்ததும் கை வலிக்கிறது என்றால் அது சாக்குப்போக்கு அன்று. அந்தக் கைக்கு முதலில் வேறு வேலை வேண்டும். முருங்கைக் கீரை உருவுதல், பட்டாணி உரித்தல், பருப்பில் கல் பொறுக்குதல், ரொட்டிக்கு மாவு பிசைதல், உரித்த பூண்டுத் தோலை ஊதிப் பறக்கவிடுதல் ஆகிய இவையெல்லாம் விரலுக்கு வலுவூட்டும் வேலைகள். எழுதும் விரல் அடுக்களையில்தான் உருவாகிறது.

மூக்கிற்கும் பாடம் உண்டு. பட்டை, கிராம்பு, ஏலம், சோம்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, பிள்ளையின் கண்ணைப் பொத்தி, இது என்ன என்று கேளுங்கள். விடை சொன்னதும் அவன் உங்கள் கண்ணைப் பொத்திக் கேட்பான். அப்போது நீங்களும் ஒரு முறை தவறிச் சொல்லுங்கள். அவன் அடையும் ஆனந்தத்திற்கு அளவிராது.

தண்ணீரைக் கொண்டு இன்னொரு விளையாட்டு ஆடலாம். ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளை பார்த்திருக்க, ஒரு குவளைத் தண்ணீரை உயரமான ஒடுங்கிய புட்டியில் ஊற்றி, எதில் தண்ணீர் அதிகம் என்று கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமான புட்டியையே காட்டும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) இதனை ஆராய்ந்தார். அளவு மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் பொதுவாக ஏழு வயதை ஒட்டித்தான் உணர்கிறார்கள் என்று அவர் கண்டார். ஆகவே அந்த விடைக்காகப் பிள்ளையைத் திருத்தாதீர்கள், நகைக்காதீர்கள். புட்டியையும் குவளையையும் அவனிடமே விட்டுவிடுங்கள். ஊற்றி ஊற்றிப் பார்த்து ஒரு நாள் அவனே உங்களிடம் வந்து சொல்லுவான்.

முற்றத்து நிழல்

வெயில் ஏறியதும் முற்றத்தில் அல்லது மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். நிழலின் நுனியில் பிள்ளை ஒரு கூழாங்கல்லை வைக்கட்டும். ஒரு மணி நேரம் சென்று பார்த்தால் நிழல் கல்லைவிட்டு நகர்ந்திருக்கும். அங்கே இன்னொரு கல். உச்சிப் பொழுதில் நிழல் மிகக் குறுகி நின்று, பிறகு மறுபுறம் நீளத் தொடங்கும். அப்போது பள்ளிவாசலிலிருந்து லுஹருடைய பாங்கு ஒலிக்கும். கதிரவன் உச்சியிலிருந்து சாய்ந்ததே லுஹரின் தொடக்கம் என்பதைப் பிள்ளை நூலில் படிக்கவில்லை. தன் கல்வரிசையில் கண்டுகொண்டான்.

பிற்பகலில் அந்தக் குச்சியின் நீளத்திற்கு ஒரு நூலை வெட்டிக் கொடுத்து நிழலை அளக்கச் சொல்லுங்கள். உச்சிவேளை நிழலை நீக்கி, குச்சியின் நீளத்தளவு நிழல் நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸருடைய நேரம். இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபின்படி அஸருடைய நேரம். கடற்கரை ஊர்ப் பிள்ளையும் உள்நாட்டு ஊர்ப் பிள்ளையும் ஒரே குச்சியைக் கொண்டு தத்தம் வழக்கத்தை அறிந்துகொள்ளலாம். நம் தமிழகத்தில் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாளும் உச்சிப் பொழுதில் குச்சிக்கு நிழலே இராது. அந்த நாளைப் பிள்ளைக்குக் காட்டிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான். ஆனால் சூரியனை நேராகப் பார்க்கலாகாது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சஹனைச் சுற்றி

நம் ஊர்களில் ஒரே சஹனில் நால்வர் கூடியமர்ந்து உண்ணும் பழக்கம் இன்றும் விருந்துகளில் நிலைத்திருக்கிறது. மாதத்தில் சில நாள்களேனும் வீட்டிலும் அவ்வாறு அமருங்கள். நடுவிலுள்ள இறைச்சித் துண்டுகள் ஆறு, உண்பவர் நால்வர். என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஆளுக்கொன்று கொடுத்த பின் எஞ்சிய இரண்டை அவன் பாதியாக்கச் சொன்னால் அது கணக்கு. பாட்டியாருக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று சொன்னால் அது கணக்கினும் மேலான கல்வி.

தனித்திருக்கும் பிற்பகல்

உண்ட பின்னர் சற்று நேரம் பிள்ளையைத் தனியே விடுங்கள். இந்த நேரத்தில் எதையும் கற்பிக்காதீர்கள். தலையணையை அடுக்கிக் கப்பல் செய்வான். நாற்காலிகளை வரிசையாக்கிப் பேருந்து ஓட்டுவான். தனக்குத் தானே பேசிக்கொள்வான். அது வீண் பேச்சன்று. கண்ட உலகத்தை அவன் தன்னுள் ஒழுங்குபடுத்திக்கொள்கிறான். அவனை அமைதிப்படுத்தக் கைப்பேசியை நீட்டினால் வீடு அமைதியாகும். ஆனால் அந்தக் கப்பல் புறப்படாது.

வெயில் தாழ்ந்ததும் பாட்டியாரும் பேரப்பிள்ளைகளும் பல்லாங்குழிக்கு அமரலாம். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் எழுபது. எண்ணிக் கற்றவன் சில நாள்களில் எண்ணாமலேயே கண்ணால் பார்த்து நான்கு, ஐந்து என்று சொல்லத் தொடங்குவான். அடுத்த கொட்டை எங்கே விழும் என்று முன்கூட்டி நினைத்துப் பார்ப்பான். தோற்றால் அழாமலிருக்கவும் பழகுவான். குன்றிமணியை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. வாயில் போட்டுக்கொள்ளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் எந்தக் கொட்டையையும் தர வேண்டா.

தந்தையர் இதில் ஒதுங்கி நிற்கலாகாது. கடைக்குச் செல்லும்போது பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். காசை அவன் கையால் கொடுக்கச் செய்யுங்கள். தராசின் தட்டு தாழ்வதையும் எழுவதையும் காட்டி, அளவையில் மோசம் செய்வது பெரும் பாவம் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பெரியவரைக் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல நீங்கள் பழகினால், உங்கள் வாய்மொழி அவன் வாயில் தானே வந்து அமரும்.

பிறையும் கதையும்

மஃரிபுக்குப் பின் மேற்கு வானில் பிறையைக் காட்டுங்கள். ஒவ்வோர் இரவும் ஒரு டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போடச் செய்யுங்கள். பிறை வளர்ந்து, முழுநிலவாகி, தேய்ந்து, மீண்டும் தோன்றும்போது எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது அல்லது முப்பது இருக்கும். நம் மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இவ்வாறு விளங்கிவிடும்.

எழுத்துக்கும் நேரம் உண்டு. ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி, விரலால் அவன் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டுங்கள். மறுநாள் உம்மாவின் பெயர், அதன் பின் வாப்பாவின் பெயர். தமிழ் இடமிருந்து வலம் செல்கிறது. அரபு வலமிருந்து இடம் வருகிறது. இரண்டையும் ஒரே தாம்பாளத்தில் காணும் பேறு நம் பிள்ளைகளுக்கு உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதி, வீட்டுக்குள்ளேயே ஓதவும் வாசிக்கவும் கற்ற பாட்டிமார் வழியில் வந்தவர்கள் அல்லவா நாம்? பிழையாக எழுதினால் தாம்பாளத்தைச் சற்று ஆட்டினால் போதும், பிழை மறைந்துவிடும். அழிப்பானும் வேண்டா, அடியும் வேண்டா.

உறங்கும் முன் ஒரு கதை. எறும்புகளின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்த ஸுலைமான் நபியவர்களின் வரலாற்றைச் சொல்லுங்கள். மறுநாள் இரவு அதையே அவன் உங்களுக்குச் சொல்லட்டும். இடையில் திருத்தாமல் கேளுங்கள். அடுத்த நாள் முற்றத்தில் ஊரும் எறும்பைக் கண்டு அவன் காலை ஒதுக்கி வைத்தால், கதை பலித்துவிட்டது.

அப்படியானால் பள்ளி வேண்டாவா?

வேண்டா என்று எவரும் கருதிவிட வேண்டா. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. ஆசிரியரின் துணையும் தோழர்களின் கூட்டும் வீட்டில் முழுமையாகக் கிடைப்பவை அல்ல. அதற்கு முந்திய வயதில் அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ அனுப்பினாலும் தவறில்லை. நடுவண் அரசு 2020இல் வெளியிட்ட கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தில் விளையாட்டின் வழியே கற்பிக்குமாறு கூறுகிறது. எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும், காலையும் மாலையும் அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை அல்லவா?

வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டா. மேலே சொன்ன அனைத்தையும் ஒரே நாளில் எவராலும் செய்ய இயலாது, செய்யவும் வேண்டா. ஆழாக்கு அளக்கும் ஐந்து நிமிடமும் கதை கேட்கும் பத்து நிமிடமும் மனம் ஒன்றி நடந்தால் அதுவே நிறைவான நாள். அன்றியும், இரண்டு வயதாகியும் பிள்ளை பேசத் தொடங்காவிட்டாலோ, அழைத்தால் திரும்பாவிட்டாலோ, நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். விளையாடட்டும் என்று விடுவது வேறு. கவனியாமல் விடுவது வேறு.

பென்சிலை அரிசிப் பானையில் ஒளித்த அந்தப் பிள்ளை, பள்ளி திறந்ததும் சென்றான். எழுத்தில் அவன் பின்தங்கவில்லை. மாவுத் தாம்பாளத்தில் விளையாடிய விரல் ஒரு நாள் தானாகவே பென்சிலைக் கேட்டு வாங்கியது. இன்றும் அவ்வீட்டில் அரிசி அளப்பது அவன் பொறுப்பு. அந்தத் தாய் என்னிடம் சொன்னது இதுதான்: எழுத்தை அவன் எப்படியும் கற்றிருப்பான், என்னைக் கண்டு அஞ்சவும் கற்றிருந்தால் அதை எவ்வாறு மறக்கச் செய்திருப்பேன்?

அன்புடைய பெற்றோர்களே! நாளைக் காலை உலை வைக்கும்போது உங்கள் பிள்ளையை அருகே அழையுங்கள். ஆழாக்கை அவன் கையில் கொடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி அவன் அளக்கட்டும். சில அரிசிகள் சிந்தினால் சிந்தட்டும். நம் மக்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும், நம் நாவையும் கையையும் அவர்களுக்கு அடைக்கலமாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.